மொட்டை மாடியில் ஒரு விண்தொலைநோக்கியின் அன்றாடம்: விண்மீனை அளக்கும் முன் கேமராவை அளப்பது எப்படி

போன ஆவணியில் ஒரு நாள் பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் இருக்கும். மதுரை பொன்மேனியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தேன். மேற்கே ஒரு புள்ளி கிளம்பித் தலைக்கு மேலாக நிதானமாக ஊர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன், “அக்கா, பிளேனாக்கா?” என்றான்.

“விளக்கு மினுக்குதா பாரு. சத்தமும் இல்ல. அதுதான் ஹப்பிள்.”

கிழக்கே இறங்கும் முன்பே அது பூமியின் நிழலுக்குள் போய் மங்கி மறைந்தது. ஹப்பிள் விண்தொலைநோக்கியின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்ந்தது. மதுரை 10 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால் நம் உச்சிக்கு அருகிலேயே அது கடந்துபோகும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

அப்போது அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை: “மேல போய் அது தெனமும் என்னக்கா பண்ணும்?”

நெபுலாவையும் கேலக்ஸியையும் படம் பிடிக்கும் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அதன் நாளில் கணிசமான பகுதி வேறு வேலையில் போகிறது. வெளிச்சமே விழாதபடி வைத்துக்கொண்டு படம் எடுக்கும். தனக்குள் இருக்கும் விளக்கை ஏற்றி அதைப் படம் எடுக்கும். ஏற்கெனவே நன்றாக அளந்து வைத்த விண்மீனையே மறுபடி மறுபடி பார்க்கும். இதற்குத்தான் கேலிப்ரேஷன், அளவுத்திருத்தம் என்று பெயர். இதைச் செய்யாத படம் அழகாக இருக்கலாம். அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்து “இந்த விண்மீனின் பொலிவு இவ்வளவு” என்று சொல்ல முடியாது.

இந்த வேலை முழுவதையும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ட்ரைபாட், மடிக்கணினி ஆகியவற்றை வைத்து மதுரையிலிருந்தே செய்யலாம். தொலைநோக்கி வேண்டாம். கீழே ஒவ்வொரு படியிலும் நாம் செய்வதையும், அதே வேலையை மேலே இருக்கும் கருவி எப்படிச் செய்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்று புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

படி 1: முதலில் ஒரு ஹப்பிள் படத்தை இறக்கிப் பாருங்கள்

கேமராவை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் என்ற இரண்டு விண்தொலைநோக்கிகளின் தரவுகள் ‘மாஸ்ட்’ என்ற காப்பகத்தில் இருக்கின்றன. பொதுவில் விடப்பட்ட தரவை யாரும் இலவசமாக இறக்கலாம். ஆய்வாளர்கள் கேட்டு எடுத்த படங்களுக்குச் சில மாதக் காத்திருப்பு உண்டு. கேலிப்ரேஷன் படங்களுக்கு அது இல்லை, எடுத்தவுடனே எல்லோருக்கும் கிடைக்கும்.

டபிள்யூஎஃப்சி3 என்ற கேமராவின் படம் ஒன்றைத் தேடுங்கள். 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் பொருத்தியது அது. ஒரே படத்துக்குப் பல கோப்புகள் இருக்கும். ‘ரா’ என்று முடிவது கேமரா கொடுத்த மாதிரியே இருப்பது. ‘எஃப்எல்டி’ என்று முடிவது திருத்தியது. இரண்டையும் ‘டிஎஸ்9’ என்ற இலவச மென்பொருளில் பக்கம் பக்கமாகத் திறந்து வையுங்கள்.

ரா கோப்பைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் வாடும். சாம்பல் நிறப் பரப்பு, வெள்ளைப் புள்ளிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். கீறல்கள் எல்லாம் காஸ்மிக் கதிர் பட்ட தடம். அடுத்து கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். பயாஸ் கழிக்க வேண்டுமா, டார்க் கழிக்க வேண்டுமா, பிளாட்டால் வகுக்க வேண்டுமா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி உண்டு. ரா கோப்பில் ‘பெர்ஃபார்ம்’ என்று இருக்கும் வரி, திருத்திய கோப்பில் ‘கம்ப்ளீட்’ என்று மாறியிருக்கும். நாம் செய்யப்போவதும் இதே வரிசைதான். பயாஸ், டார்க், பிளாட் என்றால் என்ன என்று அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

படி 2: கேமராவின் கையைக் கட்டுங்கள்

இன்றைய கேமராக்கள் நமக்குத் தெரியாமல் நிறைய உதவி செய்யும். அளவீட்டுக்கு அந்த உதவி ஒவ்வொன்றும் கெடுதல். ரா முறையில் மட்டும் எடுங்கள், ஜேபெக் வேண்டாம். ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ ஐஎஸ்ஓ இரண்டையும் நிறுத்துங்கள். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’ என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதைக் கட்டாயம் அணையுங்கள். அது இயங்கினால் கேமராவே ரகசியமாக ஒரு டார்க் எடுத்துக் கழித்துவிடும். நாமும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும்.

ஐஎஸ்ஓ 200, எஃப்4, 10 வினாடி என்று தொடங்குங்கள். இந்த மூன்றையும் ஒருமுறை வைத்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க மாற்றாதீர்கள்.

கேமராவின் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒவ்வோர் இரவும் ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வானியலில் நேரத்தை உலகப் பொது நேரத்திலும், நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணிக்கொண்டே போகும் ஜூலியன் நாளிலும் எழுதுவார்கள். இதில் நமக்கு ஒரு வசதி. ஜூலியன் நாள் உலக நேரம் நண்பகல் 12 மணிக்குப் பிறக்கிறது, அதாவது நமக்கு மாலை 5.30. ஆகவே மதுரையின் ஓர் இரவு முழுவதும், அந்தி முதல் விடியல் வரை, ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடும். நள்ளிரவில் தேதி மாறும் குழப்பம் இல்லை.

படி 3: பயாஸ்

தெற்கு ஆவணி மூல வீதியில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் கவனியுங்கள். நகையை வைப்பதற்கு முன் வெறும் தட்டை வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவருவார்கள். பயாஸ் என்பது அதுதான். வெளிச்சமே படாத பிக்சலிலும் கேமரா சுழியம் எழுதாது, ஓர் அடிப்படை எண்ணை எழுதும். அந்த எண் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவில் இருப்பதிலேயே குறைந்த எக்ஸ்போஷரில், பெரும்பாலும் 1/4000 வினாடி, 30 படம் எடுங்கள். பிக்சல் பிக்சலாக இடைநிலை மதிப்பு, அதாவது மீடியன், எடுத்து ஒரே படமாக்குங்கள். இதுதான் மாஸ்டர் பயாஸ். ‘சிரில்’ என்ற இலவச மென்பொருள் இதை ஒரு நிமிடத்தில் செய்துதரும். சராசரி எடுக்காமல் மீடியன் எடுக்கக் காரணம், ஏதோ ஒரு படத்தில் வந்த திடீர் உச்சம் மற்ற 29ஐக் கெடுக்கக் கூடாது என்பதே.

படி 4: டார்க். மதுரைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது

தம்பி மறுபடி கேட்டான்: “மூடிய போட்டுட்டு எதுக்குக்கா போட்டோ எடுக்குறீங்க?”

சென்சார் சிலிக்கானால் ஆனது. சூடு இருந்தால் ஒளி படாமலே அதில் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றையும் வெளிச்சம் என்றே கேமரா எண்ணும். சூடு 6, 7 டிகிரி கூடினால் இந்தப் பொய்க்கணக்கு ஏறத்தாழ இரட்டிக்கும். தை மாதப் பின்னிரவில் மாடியில் 21 டிகிரி, அக்கினி நட்சத்திரத்தில் முன்னிரவில் 33 டிகிரி என்று வைத்தால், அதே கேமரா அதே 10 வினாடியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பொய் சொல்லும். பகல் முழுதும் வெந்த சிமெண்டுத் தளம் ராத்திரி பத்து மணி வரை அனல் கக்குவதால் ட்ரைபாடின் உயரம்கூட இதில் கணக்கில் வரும். நான் வெயில் காலத்தில் தளத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் கேமராவை மேலே கொண்டுபோவேன்.

விண்மீனுக்கு எவ்வளவு எக்ஸ்போஷரோ அதே 10 வினாடி, அதே ஐஎஸ்ஓ, அதே சூட்டில், மூடி போட்டு 20 படம் எடுங்கள். அதே சூடு என்பதுதான் உயிர். வீட்டுக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே எடுத்த டார்க் உதவாது. விண்மீனைப் பத்துப் பதினைந்து படம் எடுத்ததும் மூடியைப் போட்டுப் பத்து டார்க், மறுபடி விண்மீன், மறுபடி டார்க் என்று மாற்றி மாற்றி எடுங்கள். இந்த டார்க்கில் பயாஸும் அடங்கியிருப்பதால், விண்மீன் படத்திலிருந்து டார்க்கைக் கழித்தால் பயாஸ் தானாகவே போய்விடும்.

ஹப்பிள் இதையேதான் செய்கிறது. அது பூமியைச் சுற்ற ஏறத்தாழ 95 நிமிடம் ஆகிறது, நாளுக்கு 15 சுற்று. பெரும்பாலான இலக்குகளை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் பூமி மறைத்துவிடும். அந்த நேரத்தை வீணாக்காமல் டார்க் எடுக்கும். டபிள்யூஎஃப்சி3இன் டார்க் ஒன்று 900 வினாடி. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, பூமியின் கதிரியக்கப் பட்டை தாழ்ந்து வரும் ஒரு பகுதி உண்டு. அதைக் கடக்கும்போது அறிவியல் படம் எதுவும் எடுக்காது, அவ்வளவு துகள்கள் வந்து அடிக்கும்.

அந்தக் கேமராவின் சென்சாரை −83 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் கதிர்வீச்சு பட்டுப் பட்டு நாளுக்கு நாள் சில பிக்சல்கள் கெட்டு, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஹாட் பிக்சல் என்பார்கள். அதற்கு வைத்தியமாக மாதம் ஒருமுறை சென்சாரை +20 டிகிரி வரை சூடேற்றி, மீண்டும் குளிர வைக்கிறார்கள். கெட்டதில் பெரும்பகுதி ஆறிவிடும். சில ஆறாது, அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு அந்தப் பிக்சலை நம்பாதே என்று குறித்து வைப்பார்கள். உங்கள் கேமராவிலும் மாஸ்டர் டார்க்கைத் திறந்து, ஊசிமுனை போல எரியும் பிக்சல்களின் இடத்தைக் குறித்து வையுங்கள். விண்மீன் அதன்மேல் விழாதபடி கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

படி 5: பிளாட். நான் தவறியது இங்கேதான்

பிளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம். லென்ஸும் சென்சாரும் எந்த இடத்தில் ஒளியைக் குறைத்துக் காட்டுகின்றன என்று அதில் தெரியும். முதல் வருடம் அதை எடுக்காமல் விட்டேன். மாலையில் செய்ய வேண்டிய கூடுதல் வேலை, லென்ஸும் புதிது, என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். மூன்று வாரத் தரவைப் போட்டுப் பார்த்தபோது, ஆடவே கூடாத ஒரு விண்மீன் 0.1 பொலிவெண் அளவுக்கு ஏறி இறங்கியது. புதிதாக ஒரு மாறும் விண்மீனைக் கண்டுவிட்டேன் என்ற சந்தோஷத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவருக்கு வரைபடத்தை அனுப்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பிளாட் எடுத்தீங்களாம்மா?”

மறுநாள் அந்தியில் எடுத்தேன். சென்சாரின் இடது மேல் பக்கம் ஒரு தூசு, அதன் நிழல் மங்கலான வளையமாக விழுந்திருந்தது. கேமராவை வைக்கும் கோணம் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் மாறியதால், அந்த விண்மீன் சில இரவு வளையத்துக்குள்ளும் சில இரவு வெளியிலும் விழுந்திருக்கிறது. மாறியது தூசின் நிழல். மூன்று வாரத் தரவையும் திருத்த வழியில்லை. வளையம் அன்று எங்கே இருந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

பிளாட் எடுக்கும் முறை எளிது. சூரியன் மறைந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் கேமராவை உச்சியை நோக்கி வைத்து, வெளுத்த வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, சுருக்கம் இல்லாமல் லென்ஸ் மேல் இழுத்துக் கட்டுங்கள். கறையோ கரையோ லென்ஸுக்கு நேரே வரக் கூடாது. ஃபோகஸும் எஃப் எண்ணும் இரவில் வைக்கப்போகிற அதே இடத்தில் இருக்க வேண்டும். பிக்சல் எண்ணிக்கை உச்சத்தின் பாதி அளவுக்கு வரும்படி எக்ஸ்போஷரை மட்டும் மாற்றுங்கள். 14 பிட் கேமராவுக்கு உச்சம் 16,383, ஆகவே 8,000 பக்கம் போதும். ஐந்து படத்துக்கு ஒருமுறை கேமராவைக் கால் வட்டம் திருப்பி 20 எடுங்கள். வானத்தில் மேற்கு வெளுப்பும் கிழக்கு இருட்டும் இப்படித் திருப்பினால் சமமாகும். பிளாட்டின் பயாஸைக் கழித்து மீடியன் எடுத்து, மொத்தத்தையும் அதன் சராசரியால் வகுங்கள். 1க்கு அருகில் நிற்கும் எண்களாக ஒரு படம் கிடைக்கும். அதுதான் மாஸ்டர் பிளாட்.

விண்தொலைநோக்கிக்கு வேட்டி கிடையாது. ஹப்பிளின் கேமராவுக்குள்ளேயே டங்ஸ்டன் விளக்கும் புற ஊதாவுக்கு டியூட்டீரியம் விளக்கும் இருக்கின்றன. ஆனால் விளக்கின் ஒளி, வானத்தின் ஒளி வரும் பாதையை முழுதாகக் கடந்து வருவதில்லை. அதனால் தரையில் இருந்தபோதே எடுத்த பிளாட்டை அடிப்படையாக வைத்து, அதன் பிழையை விண்மீன்களைக் கொண்டே திருத்தினார்கள். ஒமேகா சென்டாரி என்ற கொத்தில் லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கமாக இருக்கின்றன. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அதைப் படம் எடுத்தால், ஒரே விண்மீன் சென்சாரின் வெவ்வேறு இடங்களில் விழும். விண்மீன் மாறவில்லை, எண் மாறுகிறது என்றால் மாறுபாடு சென்சாரில். என் தூசைக் கண்டுபிடித்த அதே தர்க்கம்.

அந்த ஒமேகா சென்டாரி நமக்கு நன்றாகவே தெரியும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வைகாசியில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில் நிற்கும். மேலூர்ப் பக்கமோ அழகர்மலை அடிவாரமோ போனால் வெறுங்கண்ணுக்கே மங்கலான பஞ்சுபோலத் தட்டுப்படும். லண்டனில் அது எப்போதும் உதிப்பதே இல்லை.

படி 6: இலக்கும் படமும்

ஆடி முதல் ஐப்பசி வரை நான் பரிந்துரைப்பது ஈட்டா அக்கிலே. இது ஒரு செபீட் வகை விண்மீன். 7.18 நாளுக்கு ஒருமுறை வீங்கிச் சுருங்கி, 3.5க்கும் 4.4க்கும் இடையே பொலிவு மாறும். பொலிவெண் கூடினால் மங்கல் என்பதை மறக்க வேண்டாம். திருவோணத்தின் மூன்று மீன்களைத் தெரியும்தானே? நடுவில் பிரகாசமானது ஆல்டேர், இரு பக்கமும் இரண்டு. அவற்றில் மங்கலானது பீட்டா அக்கிலே, 3.71. அதிலிருந்து கொஞ்சம் தெற்கே இறங்கினால் ஈட்டா. ஆவணி, புரட்டாசியில் இரவு ஒன்பது மணிக்கு இது உச்சிக்கு அருகில் இருக்கும்.

உச்சிக்கு அருகில் என்பது வெறும் வசதி அல்ல. அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும் விண்மீனின் ஒளி, உச்சியில் இருப்பதைவிட இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. மதுரையின் தூசியிலும் புழுக்கத்திலும் அது பெரிய இழப்பு. ஹப்பிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போவதால் அதன் உடல் கொஞ்சம் விரிந்து சுருங்கி, ஃபோகஸ் நகரும். ஹப்பிளை இயக்குபவர்கள் அதை ‘மூச்சு விடுதல்’ என்கிறார்கள். ஜேம்ஸ் வெப்பின் 18 கண்ணாடித் துண்டுகளும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.

ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து வையுங்கள். இதைச் சொன்னால் புகைப்படக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். கூர்மையான விண்மீன் இரண்டு மூன்று பிக்சலில் விழுந்து எண்ணிக்கை உச்சத்தை முட்டிவிடும். முட்டினால் அளவு போயிற்று. பரவி விழுந்தால் ஒவ்வொரு பிக்சலும் நிரம்பாமல் இருக்கும், பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாடும் சராசரியாகிவிடும். 10 வினாடியில் வானம் 150 விகலை நகரும் (ஒரு டிகிரிக்கு 3,600 விகலை). 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது எட்டு, ஒன்பது பிக்சல். விண்மீன் குட்டைக் கோடாகத் தெரியும், கவலை வேண்டாம். ஃபோகஸ் வளையத்தை நிறுத்திய இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தியில் பிளாட் எடுக்கும் முன்பே இதை முடித்திருக்க வேண்டும். 20 படம் எடுங்கள்.

படி 7: கணக்கு

ஒவ்வொரு படத்திலிருந்தும் மாஸ்டர் டார்க்கைக் கழித்து, மாஸ்டர் பிளாட்டால் வகுங்கள். அவ்வளவுதான். பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுங்கள், கண்ணின் பொலிவளவுக்கு அருகில் வருவது அதுதான்.

விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வெளியே இன்னொரு வளையம் போட்டு வெற்று வானத்தின் அளவை எடுத்துக் கழியுங்கள். நகரத்து வெளிச்சம் இந்தக் கழித்தலில்தான் போகிறது. ‘ஆஸ்ட்ரோ இமேஜ்ஜே’ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

பீட்டா அக்கிலேக்கு 48,200, ஈட்டாவுக்கு 44,000 என்று வந்தது என வையுங்கள். 48,200ஐ 44,000ஆல் வகுத்து, 10 அடிமான மடக்கை (log) எடுத்து, 2.5ஆல் பெருக்கினால் 0.10. ஈட்டா மங்கல், ஆகவே 3.71உடன் கூட்டுங்கள். 3.81. இதுதான் அன்றைய அளவு.

படி 8: உங்களை நீங்களே சோதிப்பது

3.81 சரியா என்று எப்படித் தெரியும்? மாறாத இன்னொரு விண்மீனையும் அதே முறையில் அளந்து பாருங்கள். டெல்டா அக்கிலேயின் பொலிவு 3.36 என்று நமக்கு முன்பே தெரியும். அதற்கு 66,000 வந்தால் கணக்கு 3.37 தரும். 0.01 வித்தியாசம், நல்ல இரவு. 3.45 என்று வந்தால் அன்றைய ஈட்டா அளவையும் நம்பாதீர்கள், மெல்லிய மேகமோ தூசோ எங்கோ இருக்கிறது. இது சரிபார்ப்பு விண்மீன். இதை ஒருபோதும் விடாதீர்கள்.

இதை விட்டதால் வந்த விலைக்கு ஹப்பிளே சாட்சி. அதன் 2.4 மீட்டர் கண்ணாடியை வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள், ஆனால் தவறான வடிவத்துக்கு. வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கருவி சரி என்று சொல்லச் சொல்ல, கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டின, அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1990 ஏப்ரல் 24 அன்று ஏவிய பிறகுதான் தெரிந்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்த் திருத்த வேண்டியதாயிற்று.

இன்று ஹப்பிளின் பொலிவளவுக்கு ஆதாரமாக இருப்பவை மூன்று வெண்குறுமீன்கள், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்கள்: ஜி191-பி2பி, ஜிடி 153, ஜிடி 71. இவற்றின் வளிமண்டலம் எளிமையானது என்பதால், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வர வேண்டும் என்று கணக்கிட்டே சொல்லலாம். நம் நாட்டின் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டுக்கும் இப்படி ஓர் ஆதாரம் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அதன் புற ஊதாத் தொலைநோக்கி யூவிஐடி, உள்ளே இருக்கும் வாயுக்கசிவு கண்ணாடியில் படியாமல் இருக்க இரண்டு மாதம் மூடியோடு காத்திருந்து, நவம்பர் 30 அன்றுதான் கதவைத் திறந்தது. எச்இசட்4 என்ற வெண்குறுமீனை வைத்துத் தன் அளவைச் சரிசெய்துகொண்டது.

எக்ஸ் கதிர்க் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சோதனைக்கல்லைத் தங்களோடு எடுத்துப் போயிருக்கின்றன. ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் சென்சாரின் நான்கு மூலைகளிலும் இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருளை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை வைத்து ஆற்றல் அளவு நகர்ந்ததா என்று பார்க்கலாம். இரும்பு-55இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு, ஆகவே பத்து ஆண்டில் அதன் வீரியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இன்னொரு கருவியான சிஇசட்டிஐயில் அமெரிசியம்-241, அதற்கு அரை ஆயுள் 432 ஆண்டு. கருவியைவிட அதன் சோதனைக்கல் நெடுநாள் இருக்கும்.

படி 9: வருடக்கணக்கில் கருவி மாறுவதைக் கவனிப்பது

சென்சார் முதுமை அடையும். ஹப்பிளில் அது வரும் விதத்தைப் பெரியாறு கால்வாயை வைத்துச் சொன்னால் நம் பக்கத்தவர்களுக்கு உடனே புரியும். சிசிடி சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் எலக்ட்ரான்களும் பக்கத்துப் பிக்சலுக்குக் கைமாறிக் கைமாறித்தான் வெளியே வருகின்றன. கதிர்வீச்சு உண்டாக்கிய பள்ளங்கள் வழியில் சில எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும். வெளிவாசலிலிருந்து தூரத்தில் இருக்கும் பிக்சலுக்கு இழப்பு அதிகம். மேலூர்ப் பக்கம் கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் குறைந்து வருவதும் இப்படித்தான். காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும், நனைந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஹப்பிளிலும் அதையே செய்கிறார்கள். படத்தை எடுத்து முடித்ததும், சென்சாரிலிருந்து வாசிக்கும் முன், உள்விளக்கால் கொஞ்சம் வெளிச்சத்தைச் சீராக அடித்துப் பள்ளங்களை நிரப்பிவிடுவார்கள். பிறகு அந்த வெளிச்சத்தைக் கணக்கில் கழித்துவிடுவார்கள்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், மாடியின் சூடு, கடிகாரப் பிழை, டார்க்கின் சராசரி எண், ஹாட் பிக்சல் எத்தனை, சரிபார்ப்பு விண்மீனுக்கு வந்த அளவு. ஏழே பத்தி. மாதம் ஒருமுறை பயாஸைப் புதிதாக எடுங்கள். பிளாட்டை ஒவ்வோர் அந்தியிலும், லென்ஸைக் கழற்றி மாட்டினால் கட்டாயமாக. டார்க் ஒவ்வோர் இரவும்.

ஐந்தாறு இரவு சேர்ந்ததும், அளவுகளை 7.18 நாள் சுழற்சியில் மடித்து வரைந்து பாருங்கள். சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் வடிவம் தெரியத் தொடங்கும். பிறகு ஏஏவிஎஸ்ஓ என்ற அமைப்பில் பதிவு செய்து அனுப்பலாம். 1911 முதல் மாறும் விண்மீன் ஆர்வலர்களின் அளவுகளைச் சேர்த்து வைக்கிறார்கள். படிவத்தில் பொலிவு, பிழை, ஒப்பீட்டு விண்மீன், சரிபார்ப்பு விண்மீன் நான்கையும் கேட்பார்கள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் மிதுனத்தில் இருக்கும் ஸீட்டா ஜெமினோரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அதன் சுழற்சி 10.15 நாள். கேமராவும் அமைப்பும் அதேதான், டார்க்கைத் தை மாதச் சூட்டில் மறுபடி எடுக்க வேண்டும்.